ஒரு பக்கத்தைக் கொண்டு வாருங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டுப் பேர் சேர்ந்து, மாதம் ஒருமுறை கூடிப் படித்ததைப் பேசலாம் என்று ஆரம்பித்தார்களாம். முதல் கூட்டம் அமர்க்களம். மூன்றாவது கூட்டத்துக்கு நான்கே பேர். "ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்கிறோம். கதையைச் சொல்கிறோம். 'அருமையான நூல், அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டும்' என்று முடிக்கிறோம். கை தட்டுகிறோம். ஆனால் யாரும் அந்தப் புத்தகத்தைத் தொடுவதில்லை. எங்கே தப்பு?" என்கிறார். கூடவே மூன்று கிளைக் கேள்விகள். பொன்னியின் செல்வனில் தொடங்கலாமா? ஒருவரே ஒரு மணி நேரம் பேசுவதை எப்படி நிறுத்துவது? புத்தகம் வாங்கப் பணமில்லாதவர்கள் என்ன செய்வது?

நான் தர்மபுரியில் பதினைந்து வருடத்துக்கு மேலாக இப்படியொரு வட்டத்தில் இருக்கிறேன். பெயர்ப்பலகை கிடையாது, தலைவர் பொருளாளர் கிடையாது. இரண்டாம் ஞாயிறு மாலை ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் பாய் விரித்து உட்காருவோம். நடுவில் இரண்டு முறை செத்துப் பிழைத்த வட்டம் இது. அதனால் உங்கள் மூன்றாவது கூட்டத்தைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. எட்டில் நான்கு நின்றது நல்ல கணக்குதான்.

எங்கே தப்பு என்று கேட்டீர்கள். "அனைவரும் வாசிக்க வேண்டும்" என்ற அந்த வாக்கியத்தில்தான். அனைவரும் வாசிக்க வேண்டிய புத்தகத்தை யாரும் வாசிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போட்டிருப்பதைப் பார்த்து யார் கிளம்பிப் போகிறார்கள்? வீட்டுக்கு வந்து "நீங்க கட்டாயம் வரணும்ணா" என்று கையில் கொடுத்தால்தான் போகிறோம்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டம் தொடங்கிய புதிதில் இருபத்தி மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை, சீசன் முடிந்தால் பெங்களூரில் வேறு வேலை. அதுவரை வார இதழ்த் தொடர்கதைகள் மட்டும் படித்தவன். "எதுல ஆரம்பிக்கலாம் சார்?" என்றான். நான் அப்போது சுந்தர ராமசாமி மயக்கத்தில் இருந்தேன். 1981இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை எடுத்துக் கொடுத்து, தமிழ் நாவலின் போக்கையே மாற்றியது, இதைப் படிக்காமல் இலக்கியம் பேச முடியாது என்றெல்லாம் அளந்தேன். அது கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்க்கையைக் குறிப்புகளாகச் சொல்கிற நாவல். கதை என்று பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடையாது. எழுத்தாளர்களின் சண்டை, அகம்பாவம், மொழி பற்றிய விசாரம் எல்லாம் ஏற்கனவே நாலு புத்தகம் படித்தவனுக்குத்தான் ருசிக்கும். பையன் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஒரு வருடம் கழித்து வேறொருவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினான். பிரித்தால் 32ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட், அத்திப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு. கிருஷ்ணகிரி வருவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டான் போலிருக்கிறது.

அந்த நாவல் இன்றும் எனக்குப் பிடித்தது. ஆனால் அன்று நான் என் அந்தஸ்தைத்தான் பரிந்துரைத்தேன். அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்த நேரத்தில் படிப்பாய், ஒரு மூச்சில் எத்தனை பக்கம் போகும், கடைசியாக எதைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டாய்? இந்த மூன்றைக் கேட்டிருந்தால் கி. ராஜநாராயணன் சிறுகதை ஒன்றைக் கொடுத்திருப்பேன். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதி வைத்தார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். எனக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அந்த டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. நான் நூலுக்கு வாசகரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, கதை சொல்லும் பழக்கத்துக்கு வருகிறேன். இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் ஊர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து இந்த ஊரை அழித்தான். அந்தப் போரைப் பாடிய நூல் 'தகடூர் யாத்திரை'. (முரசு கட்டிலில் தூங்கிப்போன மோசிகீரனாருக்கு விசிறி வீசியவனும் இதே சேரமான்தான். புறநானூறு 50ஆம் பாட்டு. புலவருக்கு வீசிய கை எங்கள் கோட்டையை இடித்த கை. தமிழாசிரியர்கள் முதல் பாதியை மட்டும் நடத்துவார்கள்.) இன்றைக்கு தகடூர் யாத்திரை முழுசாக இல்லை. ஏடு அழிந்துவிட்டது. ஆனால் சில பாட்டுகள் கிடைக்கின்றன. எப்படி? தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் 'இதற்கு இது உதாரணம்' என்று நடுவில் எடுத்துப் போட்டார்கள். புறத்திரட்டு தொகுத்தவர் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி வைத்தார். அதாவது, நூலைப் படித்தவர்கள் ஒரு துண்டைப் பெயர்த்து இன்னொருவருக்குக் காட்டினார்களே, அந்தத் துண்டுகள் மட்டும்தான் தப்பின. அவர்கள் 'தகடூர் யாத்திரை அருமையான நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் நம்மிடம் என்ன இருக்கும்? ஒரு பெயர் இருக்கும்.

எங்கள் வட்டம் இரண்டாவது தடவை செத்துப் பிழைத்தபோது இதை வைத்துத்தான் ஒரே ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தோம். யாரும் கதை சொல்லக் கூடாது. புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். வாய்விட்டு வாசிக்க வேண்டும். அந்தப் பக்கம் உங்களை எங்கே பிடித்தது என்று சொல்ல வேண்டும். மொத்தம் ஐந்து நிமிடம். பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். முதல் இரண்டு மாதம் எல்லாரும் முனகினார்கள். "ஒரு பக்கத்துல என்னங்க தெரியும்?" என்றார்கள்.

தெரியும். எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு மாலையைச் சொல்கிறேன்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை அந்த மாதம் எடுத்திருந்தோம். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர் வராத பம்பு, குடத்தோடு அலைகிற ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. சின்ன நாவல், இரண்டு மாலையில் முடித்துவிடலாம். ஆண்கள் நாங்கள் வழக்கம்போல உத்தி, குறியீடு என்று பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் எதன் குறியீடு என்று இருபது நிமிடம் ஓடியது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் சத்துணவு அமைப்பாளர் அக்கா ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், மூன்று கூட்டமாக வாயே திறக்காதவர், குடங்கள் வரிசை போட்டு நிற்கும் பக்கத்தை எடுத்தார். தட்டுத் தடுமாறித்தான் வாசித்தார். முடித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணுக்குத் தண்ணி இல்லாத கஷ்டம். எங்க ஊர்ல தண்ணி இருந்துச்சு. அதைக் குடிச்சுத்தான் பல்லு போச்சு" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை விழும். தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது. அதற்கு முன் வளர்ந்த தலைமுறைக்கு அது முகத்திலேயே எழுதியிருக்கும். அந்த அக்கா எப்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். கூச்ச சுபாவம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அன்றைக்குச் சொன்னார், பெண் பார்க்க வந்தவர்கள் "சிரிக்கச் சொல்லுங்க" என்று கேட்டார்களாம். இரண்டு இடம் அப்படியே தட்டிப்போனதாம். "ஜமுனா பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிட்டு ஓடுறா. நான் வாயை மூடிக்கிட்டே ஓடுனேன்."

குறியீடு பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. அன்று அந்த நாவலை ஏழு பேர் கேட்டு வாங்கிப் போனார்கள். எங்களிடம் இருந்தது இரண்டே பிரதி. அக்கா கதையைச் சொல்லவுமில்லை, சிபாரிசு செய்யவுமில்லை. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, அது தன்னை எந்த இடத்தில் தொட்டது என்று காட்டினார், அவ்வளவுதான்.

இதை எல்லாரும் அழவேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் ஒரு வியாதி. அந்த மாலைக்குப் பிறகு நாலைந்து மாதம் எங்கள் வட்டத்தில் ஆளுக்கு ஆள் சொந்தக் கண்ணீரைக் கொட்டினார்கள், புத்தகம் ஓரமாகக் கிடந்தது. சொந்தக் கதையிலிருந்து திரும்பப் புத்தகத்துக்கு வர வேண்டும். "சரி, அந்தப் பக்கத்தில் ஆசிரியர் அதை எப்படி எழுதியிருக்கிறார், எந்த வார்த்தை?" என்று ஒருவர் கேட்டால் போதும், பேச்சு திரும்பிவிடும்.

மாறுபட்டுப் பேசுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கூட்டம் படுத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். எல்லாரும் எல்லாவற்றையும் பாராட்டினால் அடுத்த மாதம் எதற்கு வரவேண்டும்?

ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையை வாசித்த கூட்டம் நினைவுக்கு வருகிறது. டாக்டர் கே என்று அறியப்பட்ட வனவிலங்கு மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதிய கதை, 'அறம்' தொகுப்பில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் அடிக்கடி கொடுப்பது. வேலையில் இருக்கும் ஒரு தம்பி, காட்டில் குடித்துவிட்டு வீசிய பாட்டில் சில்லு யானையின் காலில் ஏறும் பகுதியை வாசித்தான். குரல் தழுதழுத்தது. எல்லாரும் அமைதி. அன்றைக்கு தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார், மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளை அழைத்துப்போக வந்தவர், சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்காரு. கேழ்வரகு கதிர் முத்தின மாசத்துல எங்க கொல்லைக்கு வந்து ராத்திரி பரண்ல உக்காந்து பாக்கச் சொல்லுங்க."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. காட்டை ஆக்கிரமித்தது யார், யானையின் வழித்தடத்தில் கொல்லை போட்டது யார் என்று கேட்டான். அவர், என் தாத்தா காலத்துப் பட்டா என்றார். ஐப்பசி கார்த்திகையில் பன்னார்கட்டா பக்கமிருந்து கூட்டமாக இறங்கி வந்து ஜவளகிரி, சானமாவு என்று சுற்றும் யானைகளைப் பற்றி இந்த வட்டாரத்தில் இருப்பவனுக்குத் தெரியும். ஒரே ராத்திரியில் ஒரு வருடத்துச் சோறு போய்விடும். ஆளே மிதிபட்டுச் செத்திருக்கிறார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நான் சமாதானம் பண்ண வாயைத் திறந்தேன். நல்லவேளை, ஒரு டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். விட்டுவிட்டோம். முக்கால் மணி நேரம் ஓடியது. யாரும் யாரையும் மாற்றவில்லை.

அடுத்த மாதம் அந்த விவசாயி தானாக வந்தார். மகள் அந்தத் தொகுப்பை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். "யானையை விடுங்க. அந்த டாக்டர் புழுவைப் பத்திச் சொல்றாரே, அது இருக்கே…" என்று ஆரம்பித்தார். அழுகிய யானையின் உடலில் நெளியும் புழுக்களைப் பற்றி டாக்டர் பேசும் இடம். நாங்கள் அத்தனை பேரும் அந்தக் கதையை நாலு தடவை படித்தவர்கள். யானையை விட்டு அந்தப்பக்கம் போனதே இல்லை. அவர் மாடு செத்தால் புதைப்பவர், எருக்குழியைக் கையால் கிளறுபவர். புழுவைக் குழந்தை மாதிரி பார்ப்பது என்றால் என்ன என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. யானை விஷயத்தில் அவருடைய கருத்து இன்றைக்கும் மாறவில்லை. தம்பியுடையதும் மாறவில்லை.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டேன், அப்பாவுக்கு நீ எப்படிக் கொடுத்தாய் என்று. "கொடுக்கலைங்க சார். டிவி மேல வெச்சுட்டேன்" என்றாள். வீட்டில் இருப்பவர்களுக்குப் புத்தகம் சிபாரிசு செய்வதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களான உங்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, அதை நீங்கள் பயன்படுத்துகிறீர்களா தெரியவில்லை. உங்கள் எட்டுப் பேரில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் எத்தனை பேர், கன்னடம், உருது பேசுகிறவர் எத்தனை பேர்? ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போனால் ஒரே தெருவில் நாலு மொழி. எங்கள் வட்டத்தில் இருக்கும் ஒருவர், வேப்பனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ். அவர் கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' படித்தார். 1976இல் வந்த நாவல். ஆந்திரத்திலிருந்து ஒரு குடும்பம், பெண்ணைக் காப்பாற்றத் தப்பித்து, ஆறு தாண்டி, காடு தாண்டித் தெற்கே கரிசலுக்கு வந்து காட்டைத் திருத்திக் குடியேறும் கதை. அதை ஒரு பூட்டி உட்கார்ந்து சொல்வாள், மங்கத்தாயாரு. இவர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தன் பாட்டிக்கு அதைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். தமிழைப் பார்த்து வாசித்துத் தெலுங்கில் வாய்மொழி. மூன்றாம் நாள் பாட்டி அவரை நிறுத்தி, "அது அப்படியில்ல, எங்க வீட்ல வேற மாதிரி சொல்லுவாங்க" என்று தன் குடும்பம் இறங்கி வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாளாம். அதைக் கூட்டத்தில் வந்து சொன்னார். அவர் வாசித்த பக்கத்தைவிட பாட்டி குறுக்கிட்ட இடம்தான் எங்களுக்கு அந்த நாவலைத் திறந்தது. கன்னடம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பைரப்பாவின் 'பர்வ'வை மூலத்திலும், பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'பருவம்' என்று தமிழிலும் ஒரே பக்கத்தை வைத்துப் பார்க்கலாம். சென்னையில் இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை சுலபத்தில் வாய்க்காது.

படிக்காத பாட்டி எப்படிப் பேச முடியும் என்று யோசிக்க வேண்டாம். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் என்ன நடக்கிறது? பகலில் ஒருவர் வில்லிபாரதப் பாட்டைப் படிக்க, பிரசங்கியார் பொருள் சொல்வார். ராத்திரி கூத்து. கடைசி நாள் துரியோதனனை மண்ணில் பெரிதாகப் போட்டுப் படுகளம். எழுத்து தெரியாத கிழவர்கூட பிரசங்கியார் ஒரு கிளைக்கதையைத் தாண்டினால் "அதை விட்டுட்டீங்களே ஐயா" என்பார். வாசிப்பைப் பகிர்வது என்று நாம் பாய் விரித்துப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

இனி உங்கள் மூன்று கிளைக் கேள்விகள்.

பொன்னியின் செல்வன். வேண்டாம். பிடிக்காததால் சொல்லவில்லை, நானும் லீவில் விளக்கை அணைக்கச் சொல்லித் திட்டு வாங்கிப் படித்தவன்தான். ஐந்து பாகம். படித்தவர் எல்லாரும் பத்துத் தடவை படித்திருப்பார்கள், படிக்காதவர் எல்லாரும் பயந்து கிடப்பார்கள். முதல் கூட்டத்திலேயே வட்டம் இரண்டு ஜாதியாகிவிடும். சிறுகதையில் தொடங்குங்கள். உங்கள் மாவட்டத்துக்காரர் ராஜாஜி, ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். அவர் உரைநடையில் எழுதிய ராமாயணமான 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. அதில் அகலிகை வரும் பகுதியை ஒருவர் வாசிக்கட்டும். பிறகு புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தை இன்னொருவர் வாசிக்கட்டும். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகும் கதை. இரண்டுமே சிறிசு. அங்கேயே உட்கார்ந்து வாசித்து முடிக்கலாம், வீட்டுப்பாடம் இல்லை. அன்றைக்கு யாரும் "அருமையான நூல்" என்று முடிக்க மாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தருகிறேன். ராமன் கட்சி, அகலிகை கட்சி என்று பிரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

ஒருவரே பேசுவது. எங்களிடமும் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற அதிகாரி, நிறையப் படித்தவர், நல்ல மனிதர், நிறுத்தவே தெரியாது. மணி வைத்துப் பார்த்தோம், சாடை காட்டிப் பார்த்தோம், டீயை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு நீள நோட்டை அவர் கையில் கொடுத்து, "சார், யார் எந்தப் பக்கத்தை வாசிச்சாங்க, என்ன சொன்னாங்கன்னு நீங்கதான் எழுதணும், உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும்" என்றோம். எழுதுகிறவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். இப்போது எங்களிடம் அப்படி ஆறு நோட்டு இருக்கிறது. புதிதாக வருகிறவர் "எதைப் படிக்கலாம்?" என்றால் நாங்கள் பட்டியல் எதுவும் கொடுப்பதில்லை, அந்த நோட்டைக் கொடுத்துவிடுகிறோம். 'இவர் இந்தப் பக்கத்தில் சிரித்தார், இவர் 80ஆம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார், காரணம் இது' என்று அதில் இருக்கும். நிறுத்தியதைச் சொல்ல வைப்பது முக்கியம். பிடிக்காததைச் சொல்லாத ஆளுடைய சிபாரிசை நம்பி நான் 400 ரூபாய் போட மாட்டேன்.

பணம். பழைய முறைதான், வட்டத்துக்கு ஒரு பெட்டி. ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள், முதல் பக்கத்தில் பென்சிலால் வாங்கியவர் பெயரும் தேதியும். இரவல் போன புத்தகம் வராது என்பது உண்மைதான், ஆனால் பேர் எழுதினால் பாதியாவது வருகிறது. அப்புறம் கிளை நூலகம். நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், 1948ஆம் வருடச் சட்டம் அது. உள்ளே போகக் கூச்சப்பட வேண்டியதில்லை. நூலகரிடம் வாசகர் வட்டம் என்று சொன்னால் பல இடங்களில் கூடுவதற்கு அறையே கிடைக்கும். பெண்கள் வருவதற்கும் அது வசதி, ஒருவர் வீட்டு மாடியைவிட நூலகம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவது சுலபம். கூட்டத்தைக் கடைசி டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். எங்களிடம் பெண்கள் வராமல் போனதற்குப் பல வருடம் பெரிய பெரிய காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். பாலக்கோடு பஸ் 7:40க்குப் போய்விடுகிறது என்பதுதான் காரணம்.

வாட்ஸ்அப்பில் புதுப் புத்தகங்களின் பிடிஎஃப் அனுப்புவதை மட்டும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். எழுதுகிறவருக்கும் பதிப்பகத்துக்கும் செய்கிற துரோகம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முந்நூறு பிடிஎஃப் வைத்திருப்பவன் ஒன்றையும் படிப்பதில்லை. நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களின் நூல்கள் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் முறைப்படி இலவசமாகக் கிடைக்கின்றன, கல்கியும் அங்கே உண்டு. படிக்க நினைப்பவருக்கு அதுவே ஒரு ஆயுளுக்குக் காணும்.

தர்மபுரியில் புத்தகத் திருவிழா நடக்கும்போது உங்கள் நான்கு பேரும் வாருங்கள். நாங்கள் அங்கே ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஆள் சீட்டு எடுத்து, சீட்டில் வந்தவருக்கு 200 ரூபாய்க்குள் ஒரு புத்தகம் வாங்க வேண்டும். அதற்கு முன் அவரோடு அரை மணி நேரம் சுற்ற வேண்டும், எந்தக் கடையில் நிற்கிறார், எதைப் புரட்டுகிறார், எதை வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார் என்று பார்க்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. போன தடவை எனக்கு வந்தவர் கரும்பு ஜூஸ் கடையை விட்டு நகரவே இல்லை. அவருக்கு சமையல் புத்தகம் வாங்கினேன், அதைத்தான் முழுசாகப் படித்தார்.

வருகிறவர்களை எப்படி நடத்துவது என்பதற்கும் எங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று இருக்கிறது. புறநானூறு 101. ஒரு நாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, பல நாள் பலரோடு போனாலும் அதியமான் 'தலைநாள் போன்ற விருப்பினன்' என்று ஔவை சொல்கிறாள். முதல் நாள் போலவே வரவேற்கிறானாம். நாங்கள் அந்த அளவுக்கு இல்லை. ஆறு மாதம் வராமல் இருந்துவிட்டு வருகிறவரிடம் "எங்கே காணோம்?" என்று கேட்காமல் இருக்க மட்டும் பழகியிருக்கிறோம். அப்படிக் கேட்டால் அவர் ஏழாவது மாதமும் வர மாட்டார்.

இன்னொன்று, மே, ஜூனில் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று மனசு விடாதீர்கள். உங்கள் ஊரில் பாதிப் பேர் மாந்தோப்பிலும் மண்டியிலும் இருப்பார்கள். ஆடி பிறக்கட்டும்.